டிரைவரில் மட்டும் ஸ்லைஸ்: எதை முதலில் திருத்துவது?

கேள்வி சுருக்கமாக இதுதான். கல்லூரி வரை கிரிக்கெட் ஆடியவர். ஒன்றரை வருடமாக கோல்ஃப் ஆடுகிறார். 7 அயர்ன் (நடுத்தர தூரத்துக்கான கோல்ஃப் மட்டை, அதாவது கிளப்) அடித்தால் பந்து ஓரளவு நேராகப் போகிறது. டிரைவரை, அதாவது அதிக தூரம் அடிக்கும் நீளமான கிளப்பை எடுத்தால் பந்து இடப்பக்கம் கிளம்பி, பாதி வழியில் வலப்பக்கம் வளைந்து, பக்கத்து ஃபேர்வேயில் (புல் வெட்டிய ஆட்டத் தளம்) போய் விழுகிறது. இந்த வலப்பக்க வளைவுக்குத்தான் ஸ்லைஸ் என்று பெயர். "ஓவர் த டாப் வருகிறீர்கள்" என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். மூன்று மாதமாக அதைச் சரிசெய்யும் பயிற்சிகளைச் செய்தும் பலன் இல்லை. என்ன செய்யலாம்?

உங்கள் பயிற்சியாளர் பார்த்தது சரிதான். கீழே இறங்கும்போது தோள் முந்திக்கொள்கிறது, கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது, அதற்குப் பெயர் ஓவர் த டாப். ஆனால் அதை முதலில் திருத்தப் போனதில்தான் மூன்று மாதம் வீணாகியிருக்கிறது என்பது என் கணிப்பு. பெரும்பாலானவர்களுக்கு ஓவர் த டாப் என்பது ஸ்லைஸுக்கு உடம்பு தானாகக் கண்டுபிடித்த கைவைத்தியம். பந்து எப்போதும் வலப்பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால், உடம்பு சும்மா இருக்குமா? இடப்பக்கமாக இழுத்து வீசப் பழகிவிடும். அந்த வைத்தியம் நோயை வளர்க்கிறது என்பது அதற்குத் தெரியாது. பந்து வலப்பக்கம் ஓடும் காரணத்தை அப்படியே வைத்துக்கொண்டு "இடப்பக்கம் வீசாதே" என்று உடம்பிடம் சொன்னால் அது கேட்காது. கேட்டாலும் பந்து நேராக வலப்பக்கக் காட்டுக்குள் போகும். இரண்டாவது பந்திலேயே பழைய ஸ்விங் (கிளப்பை வீசும் விதம்) திரும்பிவிடும்.

(இனி எல்லாமே வலக்கை ஆட்டக்காரர்களுக்கு. இடக்கைக்காரர்கள் திருப்பிப் போட்டுக்கொள்ளவும்.)

பந்து வலப்பக்கம் ஓடக் காரணம் ஃபேஸ், அதாவது கிளப்பின் தலையில் பந்தில் படும் முகம். கிளப்பின் ஃபேஸ் பந்தில் படும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கணத்தில் இரண்டு விஷயங்கள்தான் கணக்கு: ஃபேஸ் எந்தப் பக்கம் பார்க்கிறது, கிளப்பின் தலை எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. பழைய பயிற்சிப் புத்தகங்களில் பந்து ஸ்விங்கின் பாதையில் கிளம்பி, பிறகு ஃபேஸ் பார்க்கும் பக்கம் வளையும் என்று எழுதியிருக்கும். பல தலைமுறை அப்படித்தான் கற்றுக்கொண்டது. டிராக்மேன் போன்ற ரேடார் கருவிகள் பரவலான பிறகு அது தலைகீழ் என்பது எல்லோருக்கும் தெரியவந்தது. டிரைவரில் பந்து கிளம்பும் திசையில் 85 சதவீதம் வரை ஃபேஸின் கையில் இருக்கிறது. வளைவைத் தீர்மானிப்பது ஃபேஸுக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம்.

உங்கள் பந்தையே எடுத்துக்கொள்வோம். பாதை இலக்குக்கு 8 டிகிரி இடப்பக்கம், ஃபேஸ் 3 டிகிரி இடப்பக்கம் என்று வையுங்கள். பந்து நாலு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக இடப்பக்கம் கிளம்பும். ஆனால் பாதையிலிருந்து பார்த்தால் ஃபேஸ் 5 டிகிரி வலப்பக்கம் திறந்திருக்கிறது. அந்த 5 டிகிரிதான் பந்தின் சுழல் அச்சை வலப்பக்கம் சாய்க்கிறது. பந்துக்குப் பின்சுழல் தனி, பக்கச்சுழல் தனி என்று இரண்டு கிடையாது. ஒரே சுழல்தான், அதன் அச்சு சாய்கிறது. விமானம் திரும்பும்போது இறக்கை சாய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் திரும்பும்.

இதனால்தான் எந்த ஆலோசனையும் சொல்வதற்கு முன் "பந்து எங்கே கிளம்புகிறது?" என்று கேட்பேன். முடிகிற இடத்தை எல்லோரும் சொல்வார்கள், கிளம்புகிற இடத்தை யாரும் கவனிப்பதில்லை. வலப்பக்கமே கிளம்பி இன்னும் வலப்பக்கம் போகும் பந்து வேறு வியாதி. அங்கே பாதையில் பெரிய கோளாறு இருக்காது, ஃபேஸ் மட்டும்தான். அவருக்குப் போய் ஓவர் த டாப் பயிற்சி கொடுத்தால் நன்றாக இருப்பதையும் கெடுத்துவிடுவோம். உங்களுடையது இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைவதால் இரண்டும் இருக்கிறது.

அப்படியென்றால் 7 அயர்ன் மட்டும் ஏன் நேராகப் போகிறது? உண்மையில் அதிலும் இதே தவறுதான் நடக்கிறது, வெளியே தெரிவதில்லை. 7 அயர்னின் லாஃப்ட் (ஃபேஸ் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) 30 டிகிரி சுமார், டிரைவரில் 10 டிகிரி சுமார். லாஃப்ட் அதிகமானால் பின்சுழல் அதிகம்; ஃபேஸும் பாதையும் அதே அளவு விலகியிருந்தாலும் அச்சு அவ்வளவு சாயாது. டிரைவரில் அதே தவறுக்கு அச்சு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சாய்ந்துவிடும், பந்து அதிக தூரமும் போகிறது. இன்னொன்று, டிரைவருக்குப் பந்தை முன்காலுக்கு நேராக வைக்கிறோம். அந்த இடத்துக்கு வரும்போது கிளப் தன் வட்டத்தின் அடிப்புள்ளியைத் தாண்டி, உள்பக்கமாகத் திரும்ப ஆரம்பித்திருக்கும். போதாததற்கு, முன்னால் இருக்கும் பந்தை எட்டுவதற்காகத் தோளும் இடப்பக்கம் திறந்துகொள்ளும். அடிக்கும் முன்பே பாதை இடப்பக்கம் போய்விட்டது.

சரி, வேலையைத் தொடங்கலாம். ரேஞ்சுக்கு, அதாவது பயிற்சி மைதானத்துக்குப் போகும்போது ஒரு வைட்போர்டு மார்க்கர் எடுத்துக்கொண்டு போங்கள். பந்தின் பின்பக்கத்தில், ஃபேஸ் படும் இடத்தில், ஒரு பெரிய புள்ளி வைத்து அடியுங்கள். மை டிரைவரின் ஃபேஸில் ஒட்டிக்கொள்ளும். பத்துப் பந்து அடித்து, ஒவ்வொரு முறையும் எங்கே பட்டது என்று பார்த்துத் துடைத்துவிடுங்கள். புள்ளிகள் ஹீல் பக்கம், அதாவது ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) சேரும் பக்கம் குவிந்திருந்தால், உங்கள் ஸ்லைஸில் ஒரு பங்கு அதனால் மட்டுமே வருகிறது. ஹீலில் பட்டால் டிரைவரின் தலை கொஞ்சம் சுழன்று, பந்துக்கு எதிர்த்திசையில் சுழல் கொடுத்து, வலப்பக்கம் வளைத்துவிடும். அடித்தவர் ஸ்விங்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். பந்துக்கு ஒரு அங்குலம் தள்ளி நின்றாலே சிலருக்குப் பாதி வளைவு குறைந்துவிடும். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் செய்பவர்கள் குறைவு.

அடுத்தது கிரிப், அதாவது கிளப்பைப் பிடிக்கும் விதம். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். உங்கள் இடக்கை கிளவுஸை எடுத்துப் பாருங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியில், சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள சதைத்திட்டில் ஓட்டை விழுந்திருக்கிறதா? அப்படியென்றால் கிளப்பை உள்ளங்கையில் பிடிக்கிறீர்கள், அது ஒவ்வொரு அடியிலும் உள்ளே உரசுகிறது. கிளப்பை விரல்களில் பிடிக்க வேண்டும். ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் தொடங்கி, குறுக்காக, அந்தச் சதைத்திட்டுக்குக் கீழே வரை அது கிடக்க வேண்டும். தண்ணீர் வாளியைத் தூக்கும்போது கைப்பிடி எங்கே இருக்கும்? விரல்களில்தானே. அதேதான். அதன் மேல் கையை மூடிக் குனிந்து பார்த்தால் இடக்கையின் இரண்டு கணுக்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். மூன்றாவது எட்டிப் பார்த்தாலும் உங்களுக்கு நல்லது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடுக்கு வலது தோளைக் காட்ட வேண்டும். வலக்கையின் இடுக்கும் அதே பக்கம். இப்போது உங்கள் கிரிப்பில் ஒரு கணுதான் தெரிகிறது, இடுக்கு தாடையைக் காட்டுகிறது என்று பந்தயமே கட்டுவேன்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் கிரிக்கெட் ஆடியவர். கவர் டிரைவுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? முழங்கையை உயர்த்து, பேட்டின் முழு முகத்தையும் பந்து போகும் திசைக்குக் காட்டு, கடைசி வரை அப்படியே வைத்திரு. பேட் குறுகிய தூரம் நேராக வருகிறது, அங்கே அது சரி. கோல்ஃப் கிளப் உடம்பைச் சுற்றி வளைந்து வருகிறது. கதவைப்போலத் திறந்து மூடினால்தான் பந்தில் நேராகப் படும். கவர் டிரைவின் பழக்கத்தில் முகத்தைப் பிடித்து நிறுத்தினால் கதவு பாதி திறந்தபடியே பந்தில் இடிக்கும். ஆனால் உங்களுக்கு புல் ஷாட்டும் தெரியும் இல்லையா? இடுப்பு உயரத்தில் வரும் பந்தைத் தரையோடு அடிக்க மணிக்கட்டை உருட்டுவீர்களே, வலக்கை இடக்கையின் மேலே ஏறுமே, அந்த உருட்டல்தான் இங்கே வேண்டும். டிரைவரை இடுப்பு உயரத்தில், தரைக்கு இணையாகப் பிடித்து, பந்து இல்லாமல் பத்து புல் ஷாட் அடியுங்கள். பிறகு முழங்கால் உயரத்தில் பத்து. பிறகு டீயின் (பந்தைத் தாங்கும் சிறு முளை) உயரத்தில். ஒவ்வொரு முறையும் அடித்து முடித்த பின் கிளப் தலையின் நுனி (ஹீலுக்கு எதிர்ப்பக்கம்) வானத்தைப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். கிரிக்கெட் ஆடி வந்தவர்களுக்கு வேறு எந்தப் பயிற்சியையும்விட இது சீக்கிரம் பிடிபடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஃபேஸைத் திறக்கும் இன்னொரு திருடன் பின்ஸ்விங்கின் உச்சியில் இருக்கிறான். அங்கே இடது மணிக்கட்டு பின்பக்கம் மடிந்து, கையின் பின்புறத்தில் குழி விழுந்தால், கிரிப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஃபேஸ் திறந்துவிடும். கோல்ஃப் வீரர் டஸ்டின் ஜான்சனின் ஸ்விங்கை உச்சியில் நிறுத்திப் பார்த்தால் அவர் மணிக்கட்டு எதிர்ப்பக்கம், உள்ளங்கைப் பக்கமாக வளைந்து நிற்கும். அந்த அளவுக்கு நமக்குத் தேவையில்லை, தட்டையாக இருந்தால் போதும். பள்ளிப் பிள்ளைகளின் 15 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்றைக் கைக்கடிகாரப் பட்டைக்குள் செருகி, புறங்கை மேல் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகப் பின்ஸ்விங் எடுங்கள். மணிக்கட்டு பின்னால் மடிந்தால் ஸ்கேல் புறங்கையில் குத்தும். குத்தாமல் உச்சிக்குப் போய்த் திரும்பி வரும் வரை வீட்டுக் கூடத்திலேயே செய்யலாம். மின்விசிறியைக் கவனித்துக்கொள்ளவும், எங்கள் வீட்டில் ஒன்று போனது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கிரிப்பும் மணிக்கட்டும் மாறியதும் பந்து நேராகப் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். இடப்பக்கம் போகும். வளைவே இல்லாமல், கயிறு கட்டி இழுத்ததுபோல நேர்கோட்டில் இடப்பக்கம் போகும். பாதை இன்னும் 8 டிகிரி இடப்பக்கம்தானே இருக்கிறது? ஃபேஸும் இப்போது அதோடு சேர்ந்து அங்கேயே பார்க்கிறது. 200 கெஜத்தில் இலக்கிலிருந்து 28 கெஜம் இடப்பக்கம் விழும். "ஸ்லைஸ் போய் இது வந்துவிட்டதே" என்று பயந்து பழைய கிரிப்புக்கு ஓடுபவர்கள்தான் அதிகம். நானும் இரண்டு முறை ஓடியவன். மூன்றாவது முறை, ரேஞ்சில் பத்துப் பந்தையும் இடப்பக்க வலையில் அடித்துவிட்டு கிளப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்த மூத்த கேடி (ஆட்டக்காரரின் பையைச் சுமந்து உதவுபவர்) ஒருவர், "சார், பந்து வளையலை, பாத்தீங்களா? மிச்சத்தையும் அடிங்க" என்றார். நாற்பது பந்து மிச்சம் இருந்தது. முப்பதாவது பந்து வாக்கில், யாரும் எதுவும் சொல்லாமலே, என் கை கிளப்பை உள்ளேயிருந்து கொண்டுவர ஆரம்பித்தது. பந்து இடப்பக்கமே போய்க்கொண்டிருந்தால், இடப்பக்கம் இழுக்க உடம்புக்கு எந்தக் காரணமும் இல்லையே.

அதனால், இடப்பக்கம் நேராகப் போகும் பந்து வந்த பிறகே பாதையில் கை வையுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

பாதைக்கான பயிற்சிகள் ஏராளமாக உண்டு. எனக்கு இரண்டு போதும். டிரைவரின் தலையுறையைப் பந்துக்கு வெளிப்பக்கம், ஒரு கைப்பிடி தள்ளி, சற்றுப் பின்னால் வையுங்கள். வெளியிலிருந்து வெட்டினால் தலையுறை பறக்கும். பறக்காமல் அடிக்க வேண்டும். முதலில் பாதி வேகம் போதும். அடுத்தது, வலது காலை ஒரு அடி பின்னுக்கு இழுத்து வைத்து, அதே இலக்குக்கு அடிப்பது. தோள் முந்திக்கொண்டு சுழல இடம் இருக்காது, கிளப் தானாக உள்ளேயிருந்து வரும். பந்தை மேலிருந்து ஒரு கடிகாரமாக நினையுங்கள்: இலக்கின் பக்கம் 12, உங்கள் பக்கம் 9. இதுவரை 5 மணியில் அடித்துக்கொண்டிருந்தீர்கள், இனி 7 மணியில் அடிக்கப் போகிறீர்கள். மார்க்கர்தான் கையில் இருக்கிறதே, 7 மணியில் புள்ளி வைத்து அதையே பார்த்துக்கொண்டு அடியுங்கள்.

"கீழே இறங்கும்போது முதலில் இடுப்பு, பிறகு மார்பு, பிறகு கை, கடைசியில் கிளப்" என்று எல்லோரும் சொல்வார்கள். வரிசை சரிதான். ஆனால் உச்சியிலிருந்து பந்துக்கு வர ஆகும் நேரம் கால் நொடி. அதற்குள் நாலு விஷயத்தை யாராலும் யோசித்துச் செய்ய முடியாது. ஒரே ஒரு எண்ணம் வைத்துக்கொள்ளுங்கள்: உச்சியில் இலக்குக்குக் காட்டிய முதுகை, கை இறங்க ஆரம்பித்த பிறகும் கொஞ்ச நேரம் காட்டிக்கொண்டே இருப்பது. என்னைப் பொறுத்தவரை அது ஒன்றே போதுமானது.

இலக்கு பார்த்து நிற்பதையும் ஒருமுறை சரிபாருங்கள். ஸ்லைஸ் ஆடுபவர்கள் எல்லோரும் நாளாக நாளாக இடப்பக்கம் திரும்பி நிற்பார்கள். நியாயம்தான், வலப்பக்கம் வரப்போகும் பந்துக்கு இடம் விடுகிறார்கள். ஆனால் தோள் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் கிளப் போகும். எவ்வளவு இடப்பக்கம் நிற்கிறீர்களோ அவ்வளவு வெட்டும், அவ்வளவு வளையும். காலை யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம், தோளைத்தான் கவனிப்பதில்லை. ஒரு குச்சியை மார்புக்குக் குறுக்கே இரண்டு தோளையும் தொடும்படி பிடித்துக் குனிந்து பாருங்கள், அது எங்கே காட்டுகிறது என்று. பந்து முன்காலின் குதிகாலுக்கு நேராக இருக்கட்டும், பெருவிரலைத் தாண்டிப் போக வேண்டாம்.

புது டிரைவர் வாங்கலாமா என்று கேட்பீர்கள். இப்போது வேண்டாம். ஸ்லைஸைக் குறைக்கும் வகையில் ஹீல் பக்கம் எடை வைத்த டிரைவர்கள் உண்மையிலேயே கொஞ்சம் உதவும். அந்தக் கொஞ்சத்துக்காக இவ்வளவு காசு கொடுக்க வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். உங்களிடம் இருப்பது 9 டிகிரி என்றால் மட்டும் 10.5 அல்லது 12 டிகிரிக்கு மாறுவது பயன் தரும். காரணம் மேலே லாஃப்ட் பற்றிச் சொன்னதுதான். அதைவிட மலிவான விஷயம் கிளப்பின் கைப்பிடியில் இருக்கும் ரப்பர் கிரிப். சென்னை வெயிலில் வியர்த்து வழுக்கும் கிரிப்பை யாரும் இறுக்கித்தான் பிடிப்பார்கள், இறுக்கினால் மணிக்கட்டு உருளாது. சோப்புத் தண்ணீரில் ஒரு பழைய டூத் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். வழவழப்பு போகவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். கிளவுஸ் இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஊட்டிக்குப் போய் ஒரு ரவுண்டு ஆடிவிட்டு "ஸ்லைஸ் சரியாகிவிட்டது" என்று நம்பி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. பந்து தூரமாகவும் போகும், அதே சுழலுக்கு வளைவும் குறைவாக இருக்கும். சமவெளிக்கு இறங்கியதும் பழைய கதைதான்.

எவ்வளவு நாள் ஆகும்? வாரம் இரண்டு முறை ரேஞ்ச், வீட்டில் தினம் பத்து நிமிடம் ஸ்கேல் என்று வைத்தால், இடப்பக்கம் நேராகப் போகும் பந்து இரண்டு வாரத்தில் வந்துவிடும். பாதை திரும்ப இன்னும் ஒன்றரை, இரண்டு மாதம். நடுவில் பாதி நாள் இடப்பக்கம், பாதி நாள் வலப்பக்கம் என்று குழம்பும். அந்த நாட்களில் பந்து கிளம்பும் திசையை மட்டும் பாருங்கள், எந்தப் பக்கம் தவறு என்பது உடனே தெரிந்துவிடும்.

அதுவரை ஆடாமல் இருக்க முடியாது, அதனால் கோர்ஸில் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வலப்பக்கம் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ் (ஆட்ட எல்லைக்கு வெளியே உள்ள இடம்) இருக்கும் ஹோலில் டிரைவரைத் தொடாதீர்கள். ஹைபிரிட் (டிரைவரைவிடக் குட்டையான கிளப்) எடுங்கள், 30 கெஜம் குறைந்தால் குறையட்டும். டிரைவர் எடுத்தே தீர வேண்டும் என்றால் டீயிங் ஏரியாவின் வலது ஓரத்தில் டீயைக் குத்துங்கள். பலர் வலப்பக்கம் ஆபத்து என்று பயந்து இடது ஓரத்துக்குப் போவார்கள். அங்கிருந்து பார்த்தால் ஃபேர்வே முழுக்க வலப்பக்கம்தான் இருக்கும், பந்தும் அங்கேயே ஓடும். வலது ஓரத்தில் நின்றால் ஃபேர்வேயின் இடது பாதியைப் பார்த்துத் திரும்ப வேண்டிவரும். அங்கே கால், இடுப்பு, தோள் மூன்றையும் சேர்த்துத் திருப்பி நில்லுங்கள், தோளை மட்டும் தனியாகத் திறக்க வேண்டாம். பந்து வளைந்தாலும் நடுவில் வந்து விழ இடம் இருக்கும்.